வெட்டுற ஆளு அம்புட்டுப் பேசமாட்டான்

1

மூன்று வருடத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். எதிரில் மூன்று பேர். அதில் மூத்தவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "உங்க வாழ்க்கையில நீங்க ரொம்பப் பெருமைப்படுற விஷயம் ஒண்ணு சொல்லுங்க."

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். யூட்யூப் பார்த்துப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். கல்லூரியில் கட்டுரைப் போட்டியில் வாங்கிய முதல் பரிசு, அதற்காகப் பட்ட பாடு, அதில் கற்றுக்கொண்டது என்று மூன்று பத்தியாக ஒப்பித்தேன். பேசப் பேசவே என் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பரிசை வாங்கிய நாளைப் பற்றி உண்மையில் எனக்கு ஞாபகம் இருப்பது, மேடை ஏறும்போது செருப்பு வார் அறுந்துவிடுமோ என்ற பயம் மட்டும்தான்.

அன்றிரவே தேனி பஸ் ஏறினேன். விடியக்காலை வத்தலக்குண்டில் விழிப்பு வந்தது. பெரியகுளத்தில் இறங்கி வடுகபட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். வேலை கிடைக்காது என்று எனக்கே தெரிந்திருந்ததால் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்குப் பதிலாக அந்தக் கேள்வியைத் தூக்கி அம்மாவிடம் போட்டேன்.

"ஏம்மா, நீ எதுக்காச்சும் பெருமப்பட்டிருக்கியா?"

"பெருமையா? அதெல்லாம் ஆம்பளைக பேச்சு. போயிப் பல்ல வெளக்கு."

என்னுடைய மூன்று பத்திப் பதிலும் அம்மாவின் இந்த ஒரு வரியும் ரொம்ப நாள் என்னைவிட்டுப் போகவில்லை. ஒருவர் தான் செய்ததை நினைத்துப் பெருமைப்படுவதை எப்படிச் சொல்வது? யார் சொல்வது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, எங்கள் பக்கத்து மண்ணோடு தொடர்புள்ள இரண்டு புத்தகங்களைத் திரும்ப வாசித்தேன். ஒன்று வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. இன்னொன்று சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'.

2

வடுகபட்டியை வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விதமாகத் தெரியும். வியாபாரிகளுக்குப் பூண்டுச் சந்தை. கொடைக்கானல் மலைமேல் விளைகிற பூண்டு மூட்டை மூட்டையாக இறங்குகிற இடம். இப்போது வடமாநிலப் பூண்டும் லாரியில் வந்து இறங்குகிறது. சந்தை நாளில் ஊருக்குள் நுழையும் முன்பே மூக்கு சொல்லிவிடும். இரண்டாவது வகை ஆட்களுக்கு இது வைரமுத்துவின் ஊர். கல்லூரி விடுதியில் ஊர்ப்பேரைச் சொன்னதும் பாதிப்பேர் பூண்டு என்றார்கள், பாதிப்பேர் கவிஞர் என்றார்கள்.

கவிஞர் வடுகபட்டியில் பிறந்தவர் இல்லை. வைகை அணைக்காகக் காலி செய்யப்பட்டு மூழ்கிப்போன ஊர்களில் ஒன்றில் 1953இல் பிறந்து, சின்னக் குழந்தையாக வடுகபட்டிக்கு வந்தவர். ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் உள்ள அந்த அணை 1959 ஜனவரியில் திறக்கப்பட்டது. அணையின் முழுக்கொள்ளளவு 71 அடி. எங்கள் பக்கம் இது ஒரு சாதாரண எண் இல்லை. மழைக்காலத்தில் பேப்பரை விரித்ததும் முதலில் தேடுவது இன்றைக்கு எத்தனை அடி என்பதைத்தான். 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 69இல் மூன்றாவது. அணை நிரம்பினால் மதுரைக்காரர்களுக்கும் சிவகங்கைக்காரர்களுக்கும் சந்தோஷம். அந்த 71 அடிக்குக் கீழே ஊர்கள் இருந்தன என்பது அணைப்பூங்காவில் ஊஞ்சலாடுகிற பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்கும் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' படிக்கும்வரை தெரியாது.

ஆனந்த விகடனில் தொடராக வந்து, 2003ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல் அது. கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பேயத்தேவர் என்கிற சம்சாரி. மழை பொய்க்கிற கரட்டு நிலம். மகள் செல்லத்தாயியின் வாழ்க்கை ஒருமுறைக்கு இருமுறை உடைகிறது. பேரன் மொக்கராசு அவர் கையில் வளர்கிறான். ஒவ்வொரு முறை அடி விழும்போதும் கிழவர் எழுந்து நிற்கிறார். கடைசியில் எழுந்து நிற்கத் தரையே இல்லாதபடி தண்ணீர் வருகிறது.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முடிவைப் பற்றிப் பேசுவார்கள். படித்தவர்கள் அழுதிருப்பார்கள், நானும் அழுதேன். ஆனால் இரண்டாவது முறை படித்தபோது என்னை நிறுத்திய இடம் முடிவு இல்லை, கிணறு.

3

பேயத்தேவரும் பேரனும் கிணறு வெட்டுகிறார்கள். ஒரு கிழவரும் ஒரு பொடியனும். கூலிக்கு ஆள்வைக்க வழியில்லை. மண், சரளை, பாறை என்று அடுக்கடுக்காக இறங்குகிறார்கள். வெட்டியதைக் கூடையில் அள்ளி மேலே ஏற்ற வேண்டும், மறுபடி இறங்க வேண்டும். பெரிய சம்பவம் எதுவும் இல்லை. ஆனாலும் பக்கத்தைப் புரட்டும்போது நம் கை வலிக்கிறது.

ஏன் வலிக்கிறது என்று யோசித்தேன். அந்தப் பகுதியில் வேலை வேலையாகவே சொல்லப்படுகிறது. முதலில் இது, பிறகு இது, இது உடைந்தால் இப்படி என்று வரிசை. 'கள்ளிக்காட்டு இதிகாச'த்தின் பலமே இந்த மாதிரிப் பகுதிகள்தான். மாடு கன்று ஈனுவது, சாராயம் காய்ச்சுவது, கிணறு வெட்டுவது எல்லாம் கைப்பக்குவத்தோடு எழுதப்பட்டிருக்கின்றன. தமிழில் விவசாயியைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். விவசாயியின் வேலையை, அதன் படிநிலைகளோடு, வாசகனுக்கே பாதி கற்றுக்கொடுத்துவிடுகிற மாதிரி எழுதியவர்கள் குறைவு. இந்தப் பக்கங்களில் யாரும் பேயத்தேவரைச் சாதனையாளர் என்று சொல்வதில்லை. அவரும் மார்தட்டுவதில்லை. ஆனால் ஊற்றுக்கண் திறந்து தண்ணீர் கசியும்போது அந்தக் கிழவருக்குள் என்ன நடந்திருக்கும் என்பது நமக்குத் தெரியும். ஏனென்றால் அத்தனை கூடை மண்ணையும் நாமும் கூடவே சுமந்திருக்கிறோம்.

பெருமை என்கிற உணர்ச்சியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் வழி. உணர்ச்சியின் பேரைச் சொல்லாமல் வேலையைச் சொல்வது. நேர்முகத் தேர்வில் நான் செய்தது நேர் எதிர். உணர்ச்சியின் பேரைச் சொல்லிவிட்டு வேலையை விட்டுவிட்டேன்.

பிறகு அந்தக் கிணற்றுக்கு என்ன ஆகிறது என்பதில்தான் நாவலின் குரூரம் இருக்கிறது. வாழ்நாளில் ஒரு மனிதன் முழுக்கத் தன் கையால் செய்து முடித்த ஒரே காரியம், அணைத்தண்ணீருக்கு அடியில் போகிறது. தண்ணீருக்காக வெட்டியதைத் தண்ணீரே மூடுகிறது. நட்ட ஈட்டுக் கணக்கு போடுகிறவர்கள் நிலத்தை எழுதுவார்கள், வீட்டை எழுதுவார்கள், மரத்தை எண்ணுவார்கள். கிணறுகூடக் கணக்கில் வரலாம், இத்தனை அடி ஆழம் என்று. ஒரு கிழவரும் ஒரு பையனும் அதை வெட்டினார்கள் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது. சாட்சிக்கு இருந்த ஊரும் கலைந்து போய்விட்டது. நாவல்தான் அந்தக் கிணற்றுக்கு மிஞ்சிய சாட்சி. 'கள்ளிக்காட்டு இதிகாச'த்தை நான் மதிப்பதற்கு முதல் காரணம் இது.

4

இப்போது குறை சொல்ல வேண்டும்.

மண்டிக்கு வரும் பழைய விகடனில் அம்மா இந்தத் தொடரை அந்தக் காலத்திலேயே விட்டுவிட்டுப் படித்திருக்கிறார். நான் திரும்பப் படித்துக்கொண்டிருந்தபோது கிணற்றுப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவைப் பெற்ற தாத்தா கிணறு வெட்டுகிறவர். கூலிக்கு. ஊரில் ஏழெட்டுக் கிணறு அவர் கை பட்டது என்பார்கள். அதனால் அம்மாவின் அபிப்பிராயத்துக்கு ஒரு மதிப்பு உண்டு.

முழுக்கக் கேட்டார். இடையில் ஒருமுறை, "ஆமா, சரளை அப்பிடித்தேன் சரியும்" என்றார். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"நல்லாத்தேன் எழுதியிருக்காப்ல. ஆனா வெட்டுற ஆளு அம்புட்டுப் பேசமாட்டான்."

இந்த நாவலைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு சுருக்கமாக விஷயத்தைத் தொட்டதில்லை.

வைரமுத்துவிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் கரட்டுக்காட்டில் பார்த்ததை மறக்காத பையன். இன்னொருவர் மேடையில் கைதட்டலுக்குப் பழகிய கவிஞர். நாவல் முழுக்க இந்த இருவருக்கும் இழுபறி. பையன் எழுதும்போது வாக்கியம் குனிந்து வேலை பார்க்கிறது. கவிஞர் உள்ளே வந்ததும் வாக்கியம் நிமிர்ந்து வாசகனைப் பார்க்கிறது. உவமை உவமையாக அடுக்குகிறார். பேயத்தேவர் வாயிலும் ஆசிரியரின் தத்துவம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உழைக்கிற மனிதனை உயர்த்த வேண்டும் என்கிற நல்லெண்ணம்தான் அதற்குக் காரணம், சந்தேகமில்லை. ஆனால் பெருமை விசித்திரமான சரக்கு. அதை மற்றவர் எடுத்துச் சொல்லச் சொல்ல, அது சொல்கிறவருக்குச் சொந்தமாகிவிடுகிறது. பேயத்தேவர் பெருமைப்பட வேண்டிய இடத்தில், பேயத்தேவரைப் பற்றி ஆசிரியர் பெருமைப்படுவது கேட்கிறது.

தலைப்பிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. இதிகாசம் என்ற சொல் யாருக்கு? ராமனுக்கும் பாண்டவர்களுக்கும் கொடுத்த சொல்லை ஒரு கரட்டுக்காட்டுச் சம்சாரிக்குக் கொடுப்பது அரசியல் ரீதியாகச் சரியான காரியம். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தச் சொல்லின் கனம் பல இடங்களில் கிழவரின் தோளில் ஏறி உட்கார்ந்து, அவரை நடக்கவிடாமல் செய்கிறது.

5

வத்தலக்குண்டில் விழிப்பு வந்தது என்றேன். செல்லப்பாவின் ஊர் அது. பிறந்தது 1912இல் கம்பம் பள்ளத்தாக்கின் சின்னமனூரில். ஆக அவரும் எங்கள் ஆள் என்று உரிமை கொண்டாடலாம். (கொண்டாடக்கூடாது என்பதைத்தான் இந்தக் கட்டுரை கொஞ்சநேரத்தில் சொல்லப்போகிறது.) வைகை அணை திறக்கப்பட்ட அதே 1959 ஜனவரியில்தான் அவருடைய 'எழுத்து' பத்திரிகையின் முதல் இதழ் வந்தது. 'வாடிவாசல்' புத்தகமாக வந்ததும் அதே வருடம்.

'வாடிவாசல்' ஒரு மத்தியானத்துக் கதை. செல்லாயி சாமி திருவிழா, ஜல்லிக்கட்டு. வெளியூரிலிருந்து பிச்சி தன் மச்சான் மருதனோடு வந்திருக்கிறான். ஜமீன்தாரின் காரிக் காளையை அணைய வேண்டும். அந்தக் காளைதான் பிச்சியின் அப்பன் அம்புலியைக் குத்திக் கொன்றது. அம்புலி பேர்பெற்ற மாடுபிடி வீரன். மகன் அந்தக் கணக்கைத் தீர்க்க வந்திருக்கிறான்.

இதைவிடப் பெருமைக்குத் தோதான கதை வேண்டுமா? வீரம், தகப்பன், பழி, ஜமீன், கூட்டம். சினிமாவுக்குப் போனால் பாட்டு போட்டுவிடுவார்கள். செல்லப்பா ஒன்றும் போடுவதில்லை. பிச்சி தன்னைப் பற்றி ஒரு வார்த்தை அதிகம் பேசுவதில்லை. கூட்டத்தில் ஒரு கிழவர் நிற்கிறார். ஆட்டத்தின் நுணுக்கம் தெரிந்தவர், அம்புலியை அறிந்தவர். பேச்சு பெரும்பாலும் அவருடையது. எந்த மாடு எப்படிப் பாயும், எந்தத் திமில் எப்படிப் பிடிபடும் என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். அந்தப் பேச்சின் வழியாகத்தான் பிச்சி செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது நமக்குத் தெரிகிறது. செய்கிறவன் ஒருவன், அதன் அருமை தெரிந்த சாட்சி ஒருவர். ஆசிரியர் நடுவில் வருவதே இல்லை. அம்மா சொன்ன விதியை செல்லப்பா அப்போதே கடைப்பிடித்திருக்கிறார்.

ஆனால் 'வாடிவாசல்' என்னை வேறு ஒரு இடத்துக்கு இழுத்துப் போனது. அதில் இரண்டு பெருமைகள் மோதுகின்றன. ஒன்று பிச்சியுடையது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கொம்புகளுக்கு நடுவில் இறங்கி, தானே சம்பாதித்தது. இன்னொன்று ஜமீன்தாருடையது. அவர் வாடிவாசலில் இறங்கவில்லை, மேடையில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பெருமை முழுக்கக் காரியின் முதுகில் இருக்கிறது. யாரும் அணைய முடியாத காளைக்குச் சொந்தக்காரர், அவ்வளவுதான். பிச்சி ஜெயித்ததும் ஜமீன்தார் கௌரவமாகத்தான் நடந்துகொள்கிறார். வெறி பிடித்து ஓடிய காரியைக் கடைசியில் தன் கையாலேயே சுட்டுக் கொல்கிறார்.

பிச்சிக்குத் தோல்வி வந்திருந்தால் அவன் செத்திருப்பான். ஜமீன்தாருக்குத் தோல்வி வந்தபோது காளை செத்தது. சொந்தப் பெருமைக்கும் இரவல் பெருமைக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டிய தமிழ்க் கதையை நான் படித்ததில்லை.

6

இரவல் பெருமை என்கிற சொல் கிடைத்ததும் என் ஊர் கண்ணுக்கு முன் வந்தது.

எங்கள் பள்ளத்தாக்கில் பெருமை என்பது ஃப்ளெக்ஸ் அளவில் வாழும் சொல். காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ், பத்தாம் வகுப்பு மார்க்குக்கு ஃப்ளெக்ஸ். தலைவர்களின் ஜெயந்திக்கு ஊர் எல்லையிலிருந்து ஃப்ளெக்ஸ். அதில் சாதியின் பழம்பெருமை எழுதியிருக்கும். நம் முன்னோர் ஆண்டார்கள், அடக்கினார்கள் என்று. அந்த போர்டுக்குக் கீழே நிற்கிற பையன்களில் ஒருவனாவது ஒரு கிணறு வெட்டியிருப்பானா என்று தெரியாது. தேனி மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தப் பெருமை எங்கே போய் முடியும் என்பது தெரியும். அங்கேயும் சாவது ஜமீன்தார் இல்லை, காளைதான். யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை.

வள்ளுவர் பெருமைக்குத் தனி அதிகாரமே வைத்திருக்கிறார். பிறப்பில் எல்லா உயிரும் சமம், செய்கிற தொழிலில்தான் சிறப்பு வேறுபடுகிறது என்கிற குறள் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று கேட்டால் நிறையப் பேர் யோசிப்பார்கள். அது 'பெருமை' அதிகாரத்தில், இரண்டாவது குறளாக இருக்கிறது. பிறப்பை வைத்துப் பெருமைப்பட வருகிறவனை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்.

அடுத்து, கொஞ்சம் கஷ்டமான இரவல். எங்கள் ஊர்க் கவிஞர்.

திரைப்பாடலுக்கு ஏழு முறை தேசிய விருது, 2014இல் பத்மபூஷண். சின்ன வயதில் பள்ளி விழாக்களில் இதைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தோம். 2018இல் பாடகி சின்மயி உட்படச் சில பெண்கள் அவர்மீது பாலியல் அத்துமீறல் புகார்களைப் பொதுவெளியில் சொன்னார்கள். அவர் மறுத்தார். 2021இல் கேரளத்தின் ஓ.என்.வி. விருது அவருக்கு அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பு எழுந்து, விருதைத் தானே விட்டுக்கொடுப்பதாக அவர் அறிவித்தார்.

2018இல் நான் விடுதியில் இருந்தேன். அறைத்தோழி ஒருத்தி சாதாரணமாகத்தான் கேட்டாள், "உங்க ஊர்ல என்ன சொல்றாங்க?" எனக்கு ரோஷம் வந்தது. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பிறகுதான் யோசித்தேன், இதில் எனக்கு எதற்கு ரோஷம்? பேசிய பெண்களின் தரப்பைக் கேட்பதற்கு முன்னாலேயே எனக்குள் ஒன்று ஊரைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டது. நான் எழுதாத கவிதைக்கும் நான் வாங்காத விருதுக்கும் பெருமைப்பட்டுப் பழகியிருந்ததால் வந்த வினை அது. இரவல் வாங்கியது நமக்குச் சொந்தமில்லை என்பதால் அதைக் காப்பாற்ற எந்த எல்லைக்கும் போகத் தோன்றுகிறது. யாரோ ஒருத்தியின் வாயை மூடச் சொல்லும்வரை அது போகும்.

அதற்காக அந்த நாவலை நான் தூக்கி எறியவில்லை. அதேசமயம், நல்ல நாவல் எழுதியவர் என்பதால் கேள்வியே இல்லை என்றும் சொல்லவில்லை. 'கள்ளிக்காட்டு இதிகாச'த்தை ஒரு வாசகியாக, வரி வரியாக, நல்லது கெட்டது பார்த்து மதிக்கிறேன். 'எங்க ஊரு' என்கிற இடத்தை மட்டும் காலி செய்துவிட்டேன். இந்த ஊரில் பிறந்தது நான் செய்த காரியம் இல்லையே.

செல்லப்பாவுக்கும் இது பொருந்தும். 'எழுத்து' பிரசுரப் புத்தகங்களை மூட்டையாகக் கட்டி, கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்ற மனிதர். 'சுதந்திர தாகம்' மூன்று பாகங்களையும் 1997இல் முதிய வயதில் தானே வெளியிட்டார். அடுத்த வருடம் காலமானார். 2001இல் அந்த நாவலுக்கு சாகித்ய அகாதமி விருது வந்தது. அந்த விருதால் யார் பெருமைப்பட்டது? நாம்தான், மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள். அவருடைய பெருமை ஒன்று இருந்திருந்தால், அது அந்தப் புத்தக மூட்டையின் கனத்தில் இருந்திருக்கும்.

7

இவ்வளவு எழுதிய பிறகும் அம்மாவின் முதல் வரி மீதி நின்றது. பெருமை ஆம்பளைகளின் பேச்சு.

இரண்டு புத்தகங்களையும் அந்த வரியை வைத்துப் பார்த்தால் அம்மா சொன்னதுதான் சரி. 'வாடிவாசல்' முழுக்க ஆண்களின் உலகம், அதன் களம் அப்படி. 'கள்ளிக்காட்டு இதிகாச'த்தில் பெண்கள் நிறைய வருகிறார்கள். ஆனால் கவனியுங்கள், பேயத்தேவர் தாங்குவது வைராக்கியமாக எழுதப்படுகிறது. செல்லத்தாயி தாங்குவது துயரமாக எழுதப்படுகிறது. அவர் கிணறு வெட்டும் இடத்தில் நமக்கு மலைப்பு வருகிறது. அவள் மறுபடி மறுபடி வாழ்ந்து பார்க்கிற இடத்தில் நமக்குப் பரிதாபம் வருகிறது. அதற்கும் கடப்பாறை பிடிக்கிற தெம்பு வேண்டும் என்று ஆசிரியருக்குத் தோன்றவில்லை.

வைரமுத்துவே இதை உணர்ந்திருப்பாரோ என்னவோ, அடுத்து 'கருவாச்சி காவியம்' எழுதினார். அதில் காட்டில் ஆள் துணையில்லாமல் கருவாச்சி தனியாகப் பிள்ளை பெற்றுக்கொள்கிற இடம் இருக்கிறது. கிணற்றுப் பகுதிக்குச் சமமாக வைக்கத்தக்க இடம். அங்கேயும் வேலை வேலையாகச் சொல்லப்படுகிறது. ஒரு பெண்ணின் உடல் செய்யும் காரியம் ஒரு சாதனையின் வரிசையோடு வருகிறது. ஆனால் மறுபடியும் தலைப்பில் ஒரு காவியம். மறுபடியும், பெண் பெரியவளாவது அவள் பட்ட அடிகளின் எண்ணிக்கையால். ஒரு பெண் கெட்டிக்காரத்தனமாக ஒன்றைச் செய்து, அதற்காகத் தனக்குள் லேசாகச் சிரித்துக்கொள்கிற பக்கத்தை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் அந்தப் பக்கம் வீட்டிலேயே கிடைத்தது. மண்டி விட்டு வந்த அம்மா கையைப் புளி போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். பூண்டு உரித்து, தாள் அறுத்து, விரல் நுனி எரியும். பேச்சுவாக்கில், நான் எதுவும் கேட்காமலே, சொன்னார்.

"நீ அன்னைக்குக் கேட்டேல்ல, பெருமைன்னு. ஒண்ணு இருக்கு."

நான் பிறப்பதற்கு முன் நடந்தது. ஐப்பசி மழை. குடோனில் சுவர் உயரத்துக்கு மூட்டை. காலையில் வேலைக்குப் போன அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாராம். உள்ளே எங்கேயோ பூண்டு அழுகுகிறது. மற்ற யாருக்கும் வாசம் தெரியவில்லை. பூண்டுக் குடோனில் எல்லாம்தான் நாறும், இதில் என்ன வித்தியாசம் என்று சிரித்திருக்கிறார்கள்.

"வித்தியாசம் இருக்கு. நல்ல பூண்டு வாசம் மூக்குல குத்தும். அழுகுனது தொண்டையில வந்து உக்காரும், லேசா இனிக்கும். நான் மூட்டை மூட்டையா மூக்க வச்சுப் பாக்கல. சுவரோரமா நடந்தேன். ஒரு எடத்துல இனிப்பு கூடுச்சு. அங்கன நின்னு மேல இருந்து நாலாவது மூட்டைன்னேன். எறக்குனாக. தரையில ஓட்டு ஒழுகல் பட்டு அடிப்பக்கம் பூராம் கொழகொழன்னு இருந்துச்சு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா வரிசையே போயிருக்கும்."

"அப்புறம்? முதலாளி என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவாக? மூட்டைய மாத்தி அடுக்கச் சொன்னாக. கூட நின்ன அக்கா ஒருத்திதேன் 'அடியே, ஒனக்கு நாய் மூக்குடி'ன்னு சிரிச்சா. அவளும் போயிச் சேந்துட்டா."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர் சொன்ன விதத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஒரு இடத்தில்கூட 'எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு' என்று சொல்லவில்லை. இனிப்பு கூடியது, நின்றேன், நாலாவது என்றேன், அவ்வளவுதான். கிணற்றுப் பகுதியைப் போலவே வேலையின் வரிசை மட்டும். அருமை தெரிந்த ஒரே சாட்சி அந்த அக்கா. அவர் இறந்த பிறகு அந்த மூட்டையும் 71 அடித் தண்ணீருக்குள் போய்விட்டது. நான் கேட்காமல் இருந்திருந்தால் அங்கேயே கிடந்திருக்கும். கேட்ட அன்றைக்குக் கிடைக்கவில்லை என்பதும் முக்கியம். மூன்று வருடம் அம்மா அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று தேடியிருக்கிறார்.

இலக்கியத்தின் வேலை என்ன என்று பெரிய பெரிய பதில்கள் படித்திருக்கிறேன். என்னிடம் இருப்பது சின்னப் பதில். யாரோ செய்த காரியத்தின் அருமை தெரிந்து பக்கத்தில் நிற்பது. அந்தக் கிழவர் 'வாடிவாசல்' கூட்டத்தில் நிற்பதுபோல. 'நாய் மூக்குடி' என்று அந்த அக்கா சிரித்ததுபோல. வைரமுத்து கிணற்றோரம் நின்ற பக்கங்களில் அதைச் செய்திருக்கிறார். மேடை ஏறிய பக்கங்களில் தவறவிட்டிருக்கிறார்.

அம்மாவிடம் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டலாம் என்று நினைக்கிறேன். பயமாகவும் இருக்கிறது. "மூட்டைய ஒரு வரியில சொல்லிட்டு, மத்ததெல்லாம் எதுக்குத்தா இம்புட்டு?" என்று கேட்டுவிடுவார்.